மார்க்கர்

பொம்மனஹள்ளியில் எங்கள் அறை
ஒன்பதடிக்குப் பதினொன்று.
கதவு உள்பக்கம் திறக்கும்,
அதற்கு இரண்டரை அடி கழித்துக்கொள்ளுங்கள்.
நாலு பெண்கள், நாலு சைக்கிள்.
கீழே நிறுத்தக் கூடாதென்று நஞ்சம்மா சொல்லிவிட்டாள்,
அவள் ஸ்கூட்டருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
காற்று போக வேண்டுமாம்.

ஒரு வாரம் தெருவில் விட்டோம்.
எட்டாம் நாள் பர்வீன் சைக்கிளில் சீட் இல்லை.
வெறும் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
பிறகு நின்றபடியே மிதித்து வேலைக்குப் போனாள்.
அன்று ராத்திரி
பதினேழு படி ஏற்றினோம்.

பெடல் போய் ஆரக்காலில் மாட்ட
ஹேண்டில் போய்க் கொடிக்கயிற்றில் மாட்ட
சுபத்ராவின் ஈர நைட்டி செயினில் விழுந்து மையாக,
சைக்கிள் தனியாகச் சாய்வதில்லை என்று தெரிந்தது.
சாய்ந்தால் நாலும்.

நான் கட்டிங் செக்‌ஷன்.
மார்க்கர் போடுகிறவள்.
கை வளைவுக்குள் காலர்,
காலரின் குழிக்குள் பை மூடி என்று
சட்டையின் துண்டுகளைத் துணி அகலத்துக்குள்
நெருக்கிப் படுக்க வைப்பது என் வேலை.
எண்பத்தாறு சதவீதம் வந்தால்
சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டார்.
எண்பத்தைந்தென்றால்
என் அம்மாவைப் பற்றிச் சொல்வார்.

சுண்ணாம்புக் கட்டியோடு தரையில் குனிந்தேன்.

ஒன்று வாசலைப் பார்த்து, அடுத்தது சன்னலைப் பார்த்து.
சுவர்ப்பக்கப் பெடல் மேலே, இந்தப்பக்கம் கீழே.
பதினொன்றாவதில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த என் சைக்கிள்,
கிருஷ்ணகிரியிலிருந்து தக்காளி வண்டியில் வந்தது,
அது உள்ளே, சுவரோரம்.
கடைசியாக வந்து முதலில் கிளம்பும்
செல்வமேரியுடையது கதவோரம்.
ஹேண்டிலைத் தளர்த்திச் சக்கரத்தோடு ஒட்டத் திருப்பி விட வேண்டும்,
காலையில் நேராக்கி முறுக்க வேண்டும்.
ஸ்பேனர் காலண்டர் ஆணியில்.
(ஒருநாள் முறுக்க மறந்து
பேகூர் ரோட்டில் பர்வீன் ஹேண்டிலைத் திருப்ப,
சக்கரம் தன்பாட்டுக்கு நேரே போனது,
ஒரு பூக்கடைக்குள்.)

எல்லாம் போக மிச்சம்
வளைந்தும் நெளிந்தும் ஒரு துண்டுத் தரை.
ஃபேக்டரியில் இப்படி மிஞ்சுவதைக்
கூட்டி மூட்டை கட்டிவிடுவார்கள்.
நாங்கள் பாய் விரித்தோம்.

ஆடி முடிகிற சமயம்
செல்வமேரி ஐந்தாவதைக் கொண்டுவந்தாள்.
சிவப்பு. முழங்கால் உயரம்.
பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம், முன்னால் ஒரு மணி.
"ஆல்வினுக்கு. சனிக்கிழமை ஊருக்குப் போறேன்ல,
ரெண்டே நாள்தான்."
இடமில்லை என்றேன்.
அதை மடியில் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சனிக்கிழமை ஷிப்மெண்ட்.
அடுத்த சனிக்கிழமை ஆடிட்.
அதற்கடுத்த சனிக்கிழமை என்னவென்று அவளும் சொல்லவில்லை.

பழைய கோட்டை ஈரத்துணியால் துடைத்துப் புதிதாகப் போட்டேன்,
மூன்று முறை.
எப்படிப் போட்டாலும் அந்தக் குட்டிக்குச் சரியாக வந்த இடம்
என் தலையணை.
கால் மடங்கும், தலை மடங்காது.
திரும்பிப் படுத்தேன்.
இப்போது நாங்களும்
ஒருத்தி வாசலைப் பார்த்து,
மூணு பேர் சன்னலைப் பார்த்து.

நேற்று நடுராத்திரி
தூக்கத்தில் நீட்டிய என் கால்
மணியில் பட்டுவிட்டது.
டிரிங்.
"இருடா, வந்துட்டேன்" என்றாள் செல்வமேரி,
கண்ணைத் திறக்கவில்லை.
நான் காலை இழுத்துக்கொண்டேன்.
பர்வீன் புரளாமல் படுத்திருந்த விதத்தில்
அவளும் விழித்திருக்கிறாள் என்று தெரிந்தது.

ஐந்தரைக்கு எழுந்து ஆணியில் தடவினால்
ஸ்பேனர் இல்லை.
விளக்குப் போடாமல்
சிவப்பு சைக்கிள் பக்கத்தில் குந்தியிருந்தாள் அவள்.
சின்ன சீட்டை
ஒரு விரற்கடை
உயர்த்திக்கொண்டிருந்தாள்.